வாழைக்கன்று கட்டிய ஜீப்

யானை என்றால் எனக்குப் பயம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காட்டோர விடுதி ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குச் சேர்ந்து, சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவள் இப்படிச் சொல்கிறாளே என்று கேலி செய்கிறவர்கள் செய்துகொள்ளட்டும்.

போன மாதம் அந்த விடுதியிலிருந்து என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். இப்போது சுற்றிலும் சோலார் வேலி போட்டுவிட்டார்கள். அறைகளிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் போக ஆள் உயரத்துக்கு மேலே மரப்பாலம் கட்டிவிட்டார்கள். புதிதாகச் சேர்ந்த பெண்களுக்குப் பழைய கால அனுபவத்தைச் சொல்ல வேண்டும் என்றார்கள், போனேன். ஒரு பெண் எழுந்து, "மேடம், வேலியே இல்லாத காலத்துல இருந்திருக்கீங்க. உங்களுக்குப் பயமே வந்ததில்லையா?" என்று கேட்டாள். "தெனமும் பயந்தேம்மா" என்றேன். கூடமே சிரித்தது. நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. அதற்குள் டீ வந்துவிட்டது, பேச்சு முடிந்துவிட்டது. அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலில். அப்பா சுரங்கத்துக்குள் இறங்கினால் ஏறி வரும்வரை அம்மாவுக்குச் சோறு இறங்காது. பயப்படுவது எங்கள் வீட்டில் ஒரு தினசரி வேலை, பாத்திரம் துலக்குவதைப் போல. கல்யாணமாகி பெங்களூர் ஜோகுபாளையத்துக்கு வந்தேன். வீட்டுக்காரர் குமரேசன் ஒரு தொழிற்சாலையில் லேத் மெஷின் ஓட்டுகிற டர்னர். பெண் பிறந்து பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், கண்டோன்மென்ட் பக்கம் ஒரு பெரிய ஓட்டலில் அறை துப்புரவுக்குச் சேர்ந்தேன். படுக்கை விரிப்பின் மூலையை மடிப்பதும், குளியலறைக் குழாயை முகம் தெரிகிற மாதிரி துடைப்பதும் அங்கே கற்றதுதான். சில வருஷம் கழித்து, கூட வேலை செய்தவள் ஒருத்தி இந்த விடுதியைப் பற்றிச் சொன்னாள். பன்னேர்கட்டாவைத் தாண்டி, ராகி வயல்கள் முடிந்து காடு தொடங்குகிற இடம். தொண்ணூறுகளின் தொடக்கம் அது.

எங்கள் ஜனங்களுக்கு 'லாட்ஜ்' என்றாலே முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். அதில் ஒரு பொம்பளை தங்கி வேலை செய்வது என்றால் கேட்கவே வேண்டாம். திங்கள்கிழமை போனால் மறு வாரம் சனிக்கிழமைதான் வீடு. பெண்ணை அடுத்த சந்தில் இருந்த என் அக்கா பார்த்துக்கொண்டாள். அக்கம்பக்கத்தில் என்ன பேசினார்கள் என்பதை எனக்கு நேராகச் சொன்னவர்கள் யாரும் இல்லை. என் வீட்டுக்காரருக்குச் சொன்னார்கள்.

விடுதியின் மேனேஜர் தேவய்யா சார் குடகுக்காரர். ஒல்லியான ஆள். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அது நல்ல குணம் என்று நினைத்திருந்தேன், பிறகுதான் அது வேலை என்று புரிந்தது. காட்டில் கத்தக் கூடாது என்பதற்காகப் பெங்களூரிலும் கத்த மாட்டார். மாதக் கூட்டத்துக்கு நகரத்து அலுவலகத்துக்கு வந்தால் மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் அவர் பக்கம் குனிந்தபடியே இருப்பார்கள். ஒரு விஷயத்தை ஒரு தடவைதான் சொல்வார். மறு தடவை வற்புறுத்த மாட்டார். யார்மேலாவது கோபம் என்றால் தன் கையால் காபி கலந்து அவர் முன்னால் வைப்பார். அந்தக் காபியைக் குடிப்பதைவிடக் கன்னத்தில் இரண்டு அறை வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றும்.

யானையை அவர் யானை என்று சொல்ல மாட்டார். கன்னடத்தில் 'தொட்டவரு' என்பார், பெரியவர் என்று அர்த்தம். "தொட்டவரு பந்திதாரே", பெரியவர் வந்திருக்கிறார் என்று, ஏதோ மாமனார் வந்து வாசலில் நிற்கிற மாதிரி சொல்வார். அந்த வார்த்தை கேட்டதும் சமையலறையில் கேஸை அணைக்க வேண்டும். கதவுகளைச் சாத்த வேண்டும். யார் உள்ளே இருக்கிறார்கள், யார் இல்லை என்று பார்க்க வேண்டும். ஓடக் கூடாது. இவ்வளவுதான் பாடம். கேட்பதற்கு எளிது.

மாலையில் விருந்தாளிகளை அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்து வருவதுதான் எனக்குப் பெரிய பயம். வேலியில்லை, அகழியில்லை. காட்டுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு ஒற்றையடிப் பாதையும் கொஞ்சம் உண்ணிச் செடியும்தான். வாசல்படியில் இறங்குவதற்கு முன் அசையாமல் நிற்க வேண்டும். முதலில் மூக்கு, பிறகு காது, கண் கடைசியில்தான் என்பார் சார். மாட்டுக் கொட்டகையில் மழை பெய்த மாதிரி ஒரு வாடை வந்தால் இறங்கக் கூடாது. கிளை முறிகிற சத்தம் கேட்டால் பரவாயில்லை, எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றுவிட்டால்தான் ஆபத்து. எனக்கு மட்டும் இன்னொரு அடையாளம் பிடிபட்டது. யானை காதை ஆட்டுகிற சத்தம், ஈர பெட்ஷீட்டை உதறுகிற சத்தம் மாதிரியே இருக்கும். தினமும் விரிப்பு உதறுகிறவளுக்கு அது தப்பாது. வீட்டில் யாராவது துணியை உதறினால் இன்றைக்கும் திரும்பிப் பார்க்கிறேன்.

நடக்கும்போது ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே, விருந்தாளி நடுவே. டார்ச் வெளிச்சம் தரையில்தான் விழ வேண்டும். சாவிக் கொத்தைக் கைக்குட்டையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொள்வேன், குலுங்கக் கூடாது. பேச்சு கிடையாது, கைதான் பேசும். உள்ளங்கையைக் கீழே காட்டினால் அப்படியே இரு. விரலை மடக்கிக் காட்டினால் என் பின்னால் வா.

இதையெல்லாம் விட முக்கியமானது பழம். அறையில் பழக்கூடை வைப்பது பெரிய ஓட்டல் வழக்கம். இங்கே வாழைப்பழத் தோல்கூட அறையில் இருக்கக் கூடாது. விருந்தாளிகள் வந்து இறங்கியதும், "பழம், வெல்லம், பொரி ஏதாவது பையில இருக்கா?" என்று நான் கேட்க வேண்டும். சிலர் சிரிப்பார்கள். சிலர் நான் ஏதோ திருடக் கேட்கிற மாதிரி பார்ப்பார்கள். ஒரு தடவை, கார்ப்பரேட் கம்பெனி ஆள் ஒருவரும் அவர் மனைவியும் இல்லை என்று சாதித்துவிட்டு, வழியில் வாங்கிய பலாப்பழத்தைக் குளியலறையில் மறைத்து வைத்திருந்தார்கள். அன்று பொழுது சாயும்போது, துண்டு கொடுக்கப் போன நான் அந்த அறையில் நிற்கிறேன். குளியலறைக் கதவு பாதி திறந்திருக்கிறது. வென்டிலேட்டர் சட்டம் படீரென்று உள்ளே விழுந்தது. பின்னாலேயே தும்பிக்கை வந்தது. கண்ணில்லாத ஒன்று அப்படித் தேடுவதை நான் அதுவரை பார்த்ததில்லை. வாளியைத் தொட்டது, சோப்பைத் தள்ளியது, பலாப்பழத்தைத் தடவியது. அந்த அம்மாவின் வாயை என் கையால் பொத்தி, வாசல் வழியாக இருவரையும் வெளியே கொண்டுவந்தேன். கூடத்துக்கு வந்ததும் தேவய்யா சார் அவர்களுக்குக் காபி கலந்து வைத்தார். "அடுத்த தடவ எங்களுக்கும் ஒரு பழம் எடுத்துக்கிட்டு வாங்க" என்றார், அவ்வளவுதான். அந்த மனிதர் காபியைக் கையில் எடுக்கவே இல்லை.

இதை வீட்டில் வந்து சொன்னபோது என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "யானைன்னா இன்னா, பெரிய சைசு எருமதானே? கம்ப எடுத்தா ஓடிடும். நீ ஒரு பயந்தாங்கொள்ளி." பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு மறுபடியும் சொல்லச் சொன்னார், மறுபடியும் சிரித்தார். நான் அதற்குப் பிறகு வீட்டில் யானைப் பேச்சை எடுப்பதை விட்டுவிட்டேன். அவர் கெட்ட மனுஷர் இல்லை. லேத் மெஷின் சத்தத்துக்கு நடுவே வேலை செய்து பழகியவர், அதனால் எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாது. கேலியும் உரக்கத்தான் வரும்.

பிறகு அவருடைய தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அதிலிருந்துதான் வீட்டில் வேறு மாதிரிப் பேச்சு தொடங்கியது. வாடகை ஆட்டோ ஓட்டினார். அவருடைய அண்ணன் ஈஜிபுராவிலிருந்து வரும்போதெல்லாம், "பொண்டாட்டி லாட்ஜ்ல, புருஷன் ஆட்டோல" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போவார். ஒரு சனிக்கிழமை நான் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் வீட்டுக்காரர், "போதும் விமலா, விட்டுடு" என்றார். நான் பையை வைத்துவிட்டு உலை வைக்கப் போனேன். அடுத்த தடவையும் சொன்னார். எனக்கு அந்த வேலை வேண்டும். யானைமேல் ஆசையால் இல்லை. அங்கே நான் ஒரு ஆள். நான் கையைக் காட்டினால் பத்து பேர் நிற்பார்கள், நான் நடந்தால் பின்னால் நடப்பார்கள். இதை எப்படி அவரிடம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆயுத பூஜை வந்தது. அதுவரை விடுதி வண்டிகளுக்கெல்லாம் பூஜை பெங்களூர் அலுவலக வாசலில்தான் நடக்கும். அந்த வருஷம் முதலாளி புது ஜீப் வாங்கியிருந்தார். காட்டில் ஓடப்போகிற வண்டிக்குக் காட்டிலேயே பூஜை போடலாம் என்றார். அன்றைக்கு விருந்தாளிகள் கிடையாது, வேலை செய்பவர்களின் குடும்பங்கள் வரலாம் என்று ஏற்பாடு. எங்கள் பெண் தசரா லீவுக்குத் தங்கவயலுக்குப் போயிருந்தாள். வீட்டுக்காரர் மட்டும் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, புதுச் செருப்பு. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பூஜ முடியட்டும். சாயங்காலம் உங்க சார்கிட்ட நானே பேசிட்டு உன்னக் கூட்டிக்கினு போயிடறேன். துணிமணியெல்லாம் எடுத்து வச்சுக்கோ" என்றார். இந்தத் தடவை அவர் கேட்கவில்லை. தகவல் சொன்னார்.

பூஜை எப்படி நடந்தது என்றே எனக்கு நினைவில்லை, கை பாட்டுக்குச் சுண்டலைத் தாளித்தது. டிரைவர் பாஷா பண்ணிய அலங்காரம் மட்டும் நினைவிருக்கிறது. சிவாஜிநகர்க்காரன், தொழுகை தவறாதவன். ஆனால் ஆயுத பூஜைக்கு வண்டி ஜோடிப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. முந்தின நாளே மார்க்கெட்டுக்குப் போய் வாழைக்கன்றுகளை வேனில் ஏற்றி வந்திருந்தான். நாலு ஜீப்புக்கும் முன் பம்பரில் இரண்டு பக்கமும் வாழைக்கன்று, நடுவே சாமந்திச் சரம், கண்ணாடியில் குங்குமம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை நசுங்கியது, வாசலில் பூசணிக்காய் உடைந்தது, பொரியும் கடலையும் வெல்லமும் எல்லார் கையிலும் பொட்டலம் பொட்டலமாகப் போனது.

பூஜை முடிந்ததும் தேவய்யா சார் மெதுவாகச் சொன்னார்: "பாஷா, வாழ எல்லாம் அவுத்துடு."

பாஷா முகம் சுருங்கிப் போனது. "அரே, என்னா சார். நாளைக்கு விஜயதசமி. அதுக்கு முன்னாடி அவுத்தா வண்டிக்கு ஆவாது சார். முதலாளி வேற இன்னும் வரல, வந்து பாத்தா இன்னா சொல்லுவாரு?"

சமையல்காரர் தலையாட்டினார். தோட்டக்காரர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். விருந்தாளி பையில் ஒரு வாழைப்பழம் இருக்கிறதா என்று துருவித் துருவிக் கேட்கிற நாங்கள், முழு வாழைக்கன்றுகளைக் காட்டைப் பார்த்து வரிசையாகக் கட்டி நிறுத்தியிருந்தோம். ஒருவருக்கும் உறைக்கவில்லை. அன்றைக்கு எங்கள் கண்ணுக்கு அது தீனியாகத் தெரியவில்லை, பூஜைப் பொருளாகத்தான் தெரிந்தது. சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "முதலாளி பாத்ததும் அவுத்துடணும். சரியா, ஆயிதா?" என்றார். மறு தடவை வற்புறுத்துகிற வழக்கம் அவருக்கு இல்லையே. ஆயுத பூஜையன்று பெங்களூர் ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முதலாளியின் கார் எங்கோ நெரிசலில் நின்றது.

வெயில் தாழ்ந்தது. குடும்பங்களெல்லாம் வட்டமான சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வேனுக்காகக் காத்திருந்தன. நான் பாத்திரங்களை எடுத்துவைத்துக்கொண்டே, அவர் எப்போது சாரிடம் பேசப் போவார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது அந்த உதறல் சத்தம் கேட்டது. இன்று யாரும் விரிப்பு துவைக்கவில்லையே என்று ஒரு கணம் யோசித்தேன். அதற்குள் சமையலறைப் பக்கமிருந்து சார் வந்தார்.

"தொட்டவரு பந்திதாரே."

கேஸ் அணைந்தது. தாய்மார்கள் பிள்ளைகளை நடுவே இழுத்துக்கொண்டார்கள். சார் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, "யார் வீட்ல யார் இல்ல?" என்று கேட்டார். நானும் பார்த்தேன். என் வீட்டுக்காரருடைய இலை இருந்தது, சாப்பிட்டு மடித்து வைத்திருந்தது. அவர் இல்லை.

தூண் ஓரமாக வெளியே பார்த்தேன். புங்க மரத்தடியில் ஜீப்புகள் வரிசையாக நின்றன. முதலில் நின்றது புது ஜீப், மேல்கூரை இல்லாதது. அதன் பின் சீட்டிலிருந்து ஒரு கால் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. பாதத்தில் கருப்புப் புள்ளிகள், லேத்திலிருந்து தெறிக்கிற சூடான இரும்புச் சுருள் பட்டுப் பட்டு ஆன தழும்புகள். பத்துப் பதினைந்து வருஷமாக நான் எண்ணெய் தடவிய கால். பொங்கல் சாப்பிட்ட மயக்கத்தில், முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டிருந்தார்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து பெண் யானை ஒன்று வந்தது. அதன் வயிற்றை ஒட்டியபடி ஒரு குட்டி. தனி யானையாக இருந்தால் தட்டைத் தட்டி, சத்தம் போட்டு விலக்கிப் பார்க்கலாம். குட்டியோடு இருப்பது சத்தம் கேட்டால் விலகாது. பக்கத்தில் எது இருக்கிறதோ அதன்மேல் பாயும். பக்கத்தில் இருந்தது அவர்தான்.

"சார், ஜீப்புல அவரு…" என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை. சார் பார்த்துவிட்டிருந்தார். உள்ளங்கையைக் கீழே காட்டினார்.

யானை புது ஜீப்பின் முன்னால் வந்து நின்றது. வாழை இலை ஒன்றைக் கிழித்துக் குட்டி பக்கம் போட்டது. பிறகு தண்டைச் சுற்றிப் பிடித்து இழுத்தது. கன்று வரவில்லை. என் பின்னால் பாஷா முணுமுணுத்தான். "நைலான் கயிறுக்கா. ரோட்ல ஆடக் கூடாதுன்னு இறுக்கிக் கட்டிட்டேன்." யானை மறுபடி இழுத்தது. ஜீப் முன்னும் பின்னும் ஆடியது. யானை ஒரு கால் முன்னே வைத்து, மூச்சை விட்டு, இன்னும் பலமாக இழுத்தது. ஜீப்பின் முன்பக்கம் மேலே எழும்பித் தொப்பென்று விழுந்தது.

துண்டு விலகியது. அவர் எழுந்து உட்காரப் போனார். யாரோ பையன்கள் வண்டியைத் தள்ளி விளையாடுகிறார்கள் என்று நினைத்தாராம், பிறகு சொன்னார். திட்டுவதற்கு வாயைத் திறந்தவர் அப்படியே உறைந்துபோனார். அவருக்கும் அந்தத் தலைக்கும் நடுவே ஒரு கண்ணாடிதான். அந்தத் திறந்த வாயிலிருந்து என்ன சத்தம் வரும் என்று எனக்குத் தெரியும். இந்த உலகத்தில் வேறு யாரையும்விட எனக்குத் தெரியும்.

நான் தூணைத் தாண்டி வாசல்படிக்கு வந்தேன். வரக் கூடாது, வந்தேன். அவர் கண் அலைந்து அலைந்து என்மேல் விழுந்தது. உள்ளங்கையைக் கீழே காட்டினேன். அப்படியே இரு. என் உள்ளே எல்லாம் நடுங்கியது, கை மட்டும் நடுங்கவில்லை, நடுங்கினால் அவர் பார்த்துவிடுவார். அவர் வாய் மெல்ல மூடியது. சீட்டில் சரிந்து படுத்தார். என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

தும்பிக்கை கண்ணாடிக்கு மேலே வந்தது. அவர் பக்கத்தில் பொரிப் பொட்டலம் இருந்திருக்கிறது. தும்பிக்கை அவருடைய முழங்காலைத் தொட்டது, வயிற்றின்மேல் போனது, சட்டையை மோந்தது. நான் வேண்டாத தெய்வம் இல்லை. அதோடு ஒரு கேவலமான நினைப்பும் வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். இவர் செத்துப்போனால் இந்த லாட்ஜால்தான் செத்தார் என்று அவர் அண்ணன் சொல்வாரே என்று நினைத்தேன். பயம் வந்தால் மனசு இன்னதுதான் நினைக்கும் என்று கிடையாது. பொட்டலம் காகிதத்தோடு யானை வாய்க்குள் போனது.

கயிறு அறுபடவில்லை, பம்பர்தான் ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. கன்றை உருவி எடுத்துக்கொண்டு அது அடுத்த ஜீப்புக்குப் போனது, பிறகு அதற்கடுத்தது. கடைசி ஜீப்பில் அது வாயை வைத்ததும் சார் செருப்பைக் கழற்றினார். நானும் கழற்றினேன்.

"நீங்க இருங்க, நான் போறேன்" என்றார்.

"வேணாம் சார். நீங்க போனா அவரு எதனா கேப்பாரு, பேசுவாரு. நான் போனாத்தான் பேசாம வருவாரு."

சார் ஒதுங்கி வழிவிட்டார். "சரி, நான் பின்னாடி வர்றேன்" என்றார்.

எத்தனையோ விருந்தாளிகளை அழைத்து வந்த தரைதான். அன்றைக்கு அது முடியவே இல்லை. ஜீப்புகளை எங்களுக்கும் யானைக்கும் நடுவே வைத்துக்கொண்டு, குதிகாலை ஊன்றாமல் நடந்தேன். ஜீப் பக்கத்தில் போய் விரலை மடக்கிக் காட்டினேன். அவர் இறங்கினார். சேலைக்கு மேல் நான் போட்டிருந்த காக்கிக் கோட்டின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். அவருடைய மூச்சு என் கழுத்தில் பட்டது. பாதி வழி வந்திருப்போம், குட்டி எங்களைப் பார்த்துவிட்டது. வேடிக்கை பார்க்க இரண்டடி முன்னே வந்தது. தாய் தலையைத் தூக்கியது, மெல்லுவது நின்றது, காதுகள் விரிந்தன. நான் உள்ளங்கையைக் கீழே காட்டினேன். பின்னால் இருவரும் நின்றார்கள். கேட்டுக்கொண்டிருந்த சத்தமெல்லாம் நின்றுபோனது. ஓடு என்று உடம்பு முழுக்கச் சொன்னது. ஓடவில்லை. அவர் என் கோட்டை இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. பிறகு வாழைத்தண்டு முறிகிற சத்தம் கேட்டது. அதைப் போல ஒரு நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

உள்ளே வந்ததும் அவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். யானைகள் சாவகாசமாகத் தின்று முடித்துவிட்டுக் காட்டுக்குள் போயின. பாஷா மூலையில் குந்தி அழுதுகொண்டிருந்தான். சார் அவனுக்கு ஒரு காபி கலந்து வைத்தார், பிறகு தனக்கும் ஒன்று கலந்து வைத்துக்கொண்டார். அதைக் குடிக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் வீட்டுக்காரர் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"நீங்க என்கிட்ட ஏதோ மாத்தாடணும், பேசணும்னு பாஷாகிட்ட சொன்னீங்களாமே. சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். என் வேலை அவர் சொல்லப்போகிற அந்தப் பதிலில்தான் நின்றுகொண்டிருந்தது. இனி அவர் போதும் என்று சொன்னால் யார் அவரைக் குற்றம் சொல்ல முடியும்? நானே சொல்ல முடியாது.

"ஒண்ணும் இல்ல சார்" என்றார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

சார் எனக்கு இரண்டு நாள் லீவு கொடுத்து வேனில் ஏற்றி அனுப்பினார். பன்னேர்கட்டாவில் மார்க்கெட் பஸ் பிடித்தோம். பஸ்ஸின் முகப்பிலும் இரண்டு வாழைக்கன்று கட்டியிருந்தது. அவர் ஏறாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார், கண்டக்டர் விசில் கொடுத்த பிறகுதான் ஏறினார். துணிப்பை என் மடியில் இருந்தது. அதைத் திரும்பக் கொண்டுபோவேனா மாட்டேனா என்று எனக்குத் தெரியாது.

"டெய்லி இப்படித்தான் நடக்கிறியா?" என்று கேட்டார்.

"கெஸ்ட் இருந்தா நடக்கணும். யான எப்பவும் இருக்காது. இருக்குமோ இருக்குமோன்னுதான் நடக்கணும்."

"பயமா இருக்காது?"

"இருக்கும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேன். நீங்க சிரிச்சீங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரோட்டில் வண்டிகள் எல்லாம் மாலையும் வாழையுமாக ஹாரன் அடித்துக்கொண்டு போயின. ஒவ்வொரு ஹாரனுக்கும் அவர் தோள் துள்ளியது. மார்க்கெட்டில் இறங்கி ஜோகுபாளையத்துக்குப் பஸ் மாற நிற்கும்போது, என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

"திங்கக்கெழம உனக்கு எத்தன மணிக்கு பஸ்?" என்று கேட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து நான் எந்த வேலைக்குப் போனபோதும் அவர் அதைக் கேட்டதில்லை. அந்தக் கூட்டத்தில், பூசணிக்காய்ச் சிதறல் நடுவே நின்றுகொண்டு அழுதேன்.

திங்கள்கிழமை என்னைப் பஸ் ஏற்றிவிட அவரே வந்தார், அதற்குப் பிறகும் நான் கிளம்பிய ஒவ்வொரு திங்களும் வந்தார். அண்ணன் மறுபடி அந்த லாட்ஜ் பேச்சை எடுத்தபோது, "நீ ஒரு நாள் அங்க போய் நின்னுட்டு வந்து பேசு" என்று உரக்கவே சொன்னார். ஆனால் தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். நான் இல்லாத நாட்களில் அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று என் அக்கா சொன்னாள். நான் ஓய்வு பெறுகிற வரையில் அவர் எனக்காகப் பயந்துகொண்டேதான் இருந்தார். அது எனக்கு ஆறுதலாக இருந்தது.